நடுவில் மூன்று சைபர்

கார் இன்சூரன்ஸ் பாலிசியின் பி.டி.எஃப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஐ.டி.வி. என்று ஒரு சின்ன அட்டவணை இருக்கும். வண்டி முழுதாகப் போனால் எந்த மதிப்புக்கு இன்சூரன்ஸ் என்பதுதான் ஐ.டி.வி. வண்டியின் மதிப்பு, மின்சாரம் சாராத ஆக்சஸரி, மின்சார ஆக்சஸரி, சி.என்.ஜி. / எல்.பி.ஜி. கிட், கடைசியில் மொத்தம். நிறைய பாலிசிகளில் முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் ஒரே தொகைதான் இருக்கும். நடுவில் மூன்று சைபர். வண்டியைப் போய்ப் பார்த்தால் 48,000 ரூபாய் அலாய் வீல், 40,000 ரூபாய்க்கு மியூசிக் சிஸ்டமும் ஆம்ப்பும் கேமராவும் மாட்டியிருக்கும். கிளைம் வரும் நாளில், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் பார்ப்பது இந்த அட்டவணையைத்தான்.

“ஷோரூமிலேயே மாட்டினது, அவங்களே இன்சூரன்ஸும் போட்டாங்க, எல்லாம் சேர்ந்துதானே இருக்கும்?” என்று கேட்பவர்கள் அதிகம். சேர்ந்திருக்காது. டீலர் பாலிசி போடும்போது எடுத்துக்கொள்வது அந்த வேரியன்ட்டுக்குக் கார் கம்பெனி அறிவித்த விலையை. ஆக்சஸரி பில் தனி. அதை யாராவது தனியாகச் சொல்லி ஏற்றினால்தான் கட்டத்தில் ஏறும்.

காரில் எதையாவது மாற்றினால் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்பதுதான் வழக்கமாக வரும் கேள்வி. பிரிட்டன் யூடியூப்காரர்கள் சொல்வதைக் கேட்டுப் பயந்து வருகிறவர்களும் உண்டு. அங்கே எக்ஸாஸ்ட் மாற்றினாலும் ஸ்பிரிங் மாற்றினாலும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும், சொன்னால் அதற்கேற்ப ஆபத்தைக் கணக்கிட்டுப் பிரீமியத்தை மாற்றுவார்கள். இந்தியாவில் கணக்கே வேறு. இங்கே சொந்தச் சேதப் பிரிவுக்கான பிரீமியம் நான்கு விஷயங்களின் மேல்தான் நிற்கிறது: ஐ.டி.வி., இன்ஜின் சி.சி., வண்டியின் வயது, பதிவான ஊர். 2002 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் (ஐ.எம்.டி.) என்ற விகிதப் பட்டியல் இந்த அடிப்படையைப் போட்டது. 2007 ஜனவரி 1 முதல் விலைக் கட்டுப்பாடு போய்விட்டது. ஆனாலும் கணக்கின் எலும்புக்கூடு இன்றைக்கும் அதேதான். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அதன்மேல் தங்கள் தள்ளுபடியைப் போட்டுக்கொள்கின்றன.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 1,197 சி.சி. கார், ஐந்து வயதுக்குள், சென்னைப் பதிவு. டாரிஃப் விகிதம் 3.283 சதவீதம். கோவை, மதுரை என்றால் இரண்டாம் மண்டலம், 3.191. அலாய், சீட் கவர், ரூஃப் ரெயில் மாதிரி மின்சாரம் சாராத பொருளுக்கு வண்டிக்குப் போட்ட அதே விகிதம்தான். 48,000 ரூபாய் அலாய்க்கு 1,576 ரூபாய். நிறுவனம் 60 சதவீதம் தள்ளுபடி தருகிறது என்று வையுங்கள், 630. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 744 ரூபாய். மின்சாரப் பொருளுக்கு ஐ.எம்.டி. 24 என்ற எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் திருத்தக் குறிப்பு, மதிப்பில் 4 சதவீதம். 40,000 ரூபாய்க்கு 1,600, வரியோடு 1,888. ஆக 88,000 ரூபாய் சாமானுக்கு வருஷத்துக்கு 2,632 ரூபாய். அடுத்தடுத்த வருஷங்களில் தேய்மானம் கழிந்து மதிப்பு இறங்கும், பிரீமியமும் இறங்கும்.

இதற்குப் பயந்துதான் சொல்லாமல் விடுகிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? பலர் கஞ்சத்தனத்தால் விடுவதில்லை, கேட்க ஆளில்லாமல் விடுகிறார்கள்.

மூன்றாம் நபர் பிரீமியம் இதில் சேராது. அது அரசு அறிவிக்கும் விகிதம். 2022 ஜூன் 1 முதல் வந்த அறிவிப்பில் 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. நீங்கள் எத்தனை லட்சத்துக்கு அலாய் போட்டாலும் இது அசையாது. சி.என்.ஜி. கிட் போட்டால் மட்டும் 60 ரூபாய் கூடும். வெளியில் மாட்டிய கிட்டுக்கு ஐ.எம்.டி. 25-இன்படி சொந்தச் சேதத்தில் மதிப்பின் 4 சதவீதம். 60,000 ரூபாய் கிட் என்றால் 2,400, அந்த 60, வரி எல்லாம் சேர்த்து 2,903 ரூபாய். கம்பெனியே பொருத்தி விற்ற சி.என்.ஜி. கார் என்றால் கிட்டின் விலை வண்டி விலைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு டாரிஃப் வழி, சொந்தச் சேதப் பிரீமியத்தின் மேல் 5 சதவீதம்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு கட்டினால் கவர் கிடைக்கிற சாமான்கள். பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத கவர் ஒன்று உண்டு. இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி (இ.சி.யு. ரீமேப்) அதன் சக்தியைக் கூட்டியவர் நேர்மையாகச் சொல்லலாம் என்று போனால், வழக்கமான விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமே இருக்காது. இரட்டை எரிபொருளா, ஃபைபர் கிளாஸ் டேங்கா, மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்ததா என்றெல்லாம் கேட்பார்கள். சக்தி எத்தனை பி.எச்.பி. என்று கேட்க மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஆர்.சி.யில் இருப்பதுதான் வண்டி.

காரணம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. மாநில விதிகளைக் காட்டி இதைத் தாண்ட முடியாது என்றும் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சி.என்.ஜி. மாற்றத்துக்கும், அதே வகை இன்ஜினை மாற்றிப் போடுவதற்கும், மாற்றுத்திறனாளிக்கான மாற்றத்துக்கும் ஆர்.டி.ஓ. வழி இருக்கிறது. கூரையை வெட்டுவதற்கும் சேஸியை நீட்டுவதற்கும் கிடையாது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் நிறம் மாற வேண்டும். முழு வண்டிக்கும் ராப் என்ற நிற ஃபிலிம் ஒட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்துக்குப் புறம்பான சாமானை இன்சூரன்ஸில் ஏற்றியும் பயனில்லை. பம்பர் கார்டு என்று நாம் சொல்லும் அந்த இரும்புக் குழாய் இதற்கு நல்ல உதாரணம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதை அகற்றச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. பம்பரைக் காப்பாற்றத்தான் மாட்டுகிறார்கள், பம்பரைக் காப்பாற்றவும் செய்கிறது. சிக்கல் அங்கேதான். கம்பெனி பம்பரும் அதன் பின்னால் உள்ள பகுதியும் மோதலில் நசுங்கி வேகத்தை விழுங்கிக்கொள்ளவே செய்யப்பட்டவை. கார்டின் தாங்கி நேராக முன்பக்க சேஸி முனையில் போல்ட் போட்டு நிற்கிறது. மோதும்போது பம்பர் நசுங்காது, அந்த விசை போல்ட் வழியாக இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் போகும். வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே சட்டம் வளைந்திருக்கும், பானெட் இடைவெளி ஒரு பக்கம் விரிந்திருக்கும். ஏர்பேக் சென்சார் எப்போது விழிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதும் கம்பெனி பம்பரை வைத்துத்தான். சர்வேயர் கார்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்வார். சேஸி வளைவுக்கு இதுதான் காரணம் என்று எழுதுவதற்கு அந்தப் படம் போதும்.

வயரிங்தான் எல்லாவற்றிலும் மோசம். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

எச்4 ஹெட்லைட் பல்பு 60/55 வாட். டிம்மில் இரண்டும் எரிந்தால் 110 வாட், 12 வோல்ட்டுக்கு 9 ஆம்பியர் சொச்சம். கம்பெனி வயர், சுவிட்ச், ஹோல்டர் எல்லாம் அதற்கு அளவெடுத்தது. கடையில் 100/90 பல்பு வாங்கி அதே ஹோல்டரில் சொருகினால் பிரைட்டில் 200 வாட், 16.7 ஆம்பியர். முதல் வாரத்திலேயே ஃப்யூஸ் போகும். அடுத்த தடவை போகக்கூடாது என்று கம்பெனி ஃப்யூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியரைப் போட்டுக் கொடுப்பார் கடைக்காரர். ஃப்யூஸ் இனிப் போகாது. அதற்குப் பதில் வயர் சூடாகும், ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும், இன்சுலேஷன் கெட்டியாகி வெடிக்கும். ஒரு நாள் பானெட்டுக்குள்ளிருந்து புகை வரும்.

எரிந்த வண்டியைப் பார்க்கும் சர்வேயருக்கு மிச்சமிருக்கும் சாட்சி கொஞ்சம்தான், ஆனால் தெளிவானது. ஃப்யூஸ் பெட்டி எரியாமல் தப்பியிருந்தால் அதிலுள்ள எண். கம்பெனி வயர்க்கட்டை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு. செம்பு உருகி மணி மணியாகத் திரண்ட இடம். பாலிசியில் தீ, தானாகப் பற்றுதல் இரண்டும் கவரில் வரும் ஆபத்துகள்தான். தீப்பிடித்தது என்பதற்காக மட்டும் கிளைமை மறுக்க முடியாது. ஆனால் மின்கோளாறால் ஏற்படும் பழுது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. வண்டியை நல்ல நிலையில் வைத்துக் காக்க வேண்டியது உரிமையாளர் பொறுப்பு என்ற நிபந்தனையும் இருக்கிறது. 20 ஆம்பியர் ஃப்யூஸும் டேப் சுற்றிய இணைப்பும் கையில் கிடைத்தால் நிறுவனத்தின் வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்தது.

கூடுதல் விளக்கு, ஹாரன், ஆம்ப் எதுவானாலும் சரியாக மாட்டும் முறை ஒன்றுதான். பேட்டரியிலிருந்து தனி வயர், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். அது வயரின் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், சாமானின் அளவுக்கு அல்ல. நடுவில் 30 ஆம்பியர் ரிலே. பேட்டரி வயர் 30-ஆம் முனைக்கு, விளக்கு 87-க்கு, பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, எர்த் 85-க்கு. அப்போது கம்பெனி வயர் ரிலே காயிலை மட்டும் தூண்டுகிறது, அதற்கு கால் ஆம்பியர்கூட வேண்டாம். சாதா வயரைக் கடிக்கும் கிளிப் வேண்டாம், கப்ளருக்குக் கப்ளர் சொருகும் ஹார்னஸ் வாங்குங்கள். ஆம்ப்புக்கு 2.5 போதாது, பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து வயர் வாங்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் 100 வாட் பல்பு சட்டப்படி சரியாகிவிடாது, வயர் மட்டும்தான் பிழைக்கும்.

டயரும் ரிம்மும் இவ்வளவு பயமுறுத்தாது. ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட்டில் 165/80 ஆர்14 டயர், மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15. வெளிவிட்டம் கணக்குப் போட்டால் முதலாவது 619.6 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. கம்பெனி அதே காருக்குக் கொடுத்த அளவு என்பதால் சர்வேயரோடு வாக்குவாதமும் வராது. 16 இஞ்ச் வேண்டுமென்றால் 195/55 ஆர்16, 620.9 மில்லிமீட்டர். அழகுக்காக 205/45 ஆர்16 போடுகிறவர்கள் உண்டு, அது 590.9. ஐந்து சதவீதம் சின்னது, வண்டி தரையோடு ஒட்டும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். விட்டம் 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும், லோட் இண்டெக்ஸ் பழைய டயருக்குக் கீழே இறங்க வேண்டாம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 82 என்றால் 475-தான்.

ரிம் வாங்கும்போது எல்லோரும் போல்ட் வட்டத்தைக் கேட்கிறார்கள், நடு ஓட்டையைக் கேட்பதில்லை. ஸ்விஃப்ட்டில் நாலு போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம், நடு ஓட்டை 54.1. வெளி ரிம்கள் பெரிய ஓட்டையோடு வரும், இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் ரிம்மை நடுப்படுத்தும் வேலை நட்டுகளின் தலையில் விழும். 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குவது பலமுறை இதனால்தான், பேலன்சிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

கிளைமில் இந்த ரிம் என்ன ஆகிறது? ஏற்றியிருந்தால் அதன் மதிப்புக்குத் தேய்மானம் கழித்துக் கிடைக்கும். ஏற்றாவிட்டால் அந்த வேரியன்ட்டில் கம்பெனி கொடுத்த ஸ்டீல் ரிம்மின் விலையை மட்டும் போடுவார்கள். டயர் மட்டும் தனியாகக் கிழிந்தால் ஒன்றும் இல்லை. வண்டியும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் பாதி. ராத்திரியில் நாலு அலாயையும் கழற்றிக்கொண்டு செங்கல் மேல் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால், தனியார் கார் பாலிசியில் ஏற்றிய ஆக்சஸரிக்குத் திருட்டுக் கவர் உண்டு. டூ வீலரில் கிடையாது, வண்டியோடு சேர்ந்து திருடு போனால்தான்.

பெயின்ட்டைக் காக்க ஒட்டும் பி.பி.எஃப். ஃபிலிம், செராமிக் கோட்டிங், ராப் இதெல்லாம் தனிக்கதை. லட்ச ரூபாய்க்கு ஃபிலிம் ஒட்டிய காரில் ஒரு கதவு நசுங்கினால் பாலிசி கொடுப்பது கதவுக்கும் பெயின்ட்டுக்கும். அந்தக் கதவுக்கு மறுபடி ஃபிலிம் ஒட்டும் செலவு உங்களுடையது, பில்லோடு மின்சாரம் சாராத ஆக்சஸரியாக ஏற்றியிருந்தால் மட்டும் பேசிப் பார்க்கலாம். பம்பர் டு பம்பர் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தாலும் இதே நிலைதான். அது தேய்மானத்தைத்தான் நீக்குகிறது, சொல்லாத சாமானைச் சேர்ப்பதில்லை. வண்டி முழுதாகப் போனால் வாங்கிய விலையைத் தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ கவரும் அப்படித்தான், வண்டியின் இன்வாய்ஸ் என்றால் வண்டியின் இன்வாய்ஸ்.

சி.என்.ஜி.யில் வரிசை முக்கியம். வகை ஒப்புதல் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற ஃபிட்டர், சிலிண்டர் சான்றிதழ், அதன்பின் ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றம், அதன்பின் பாலிசி எண்டார்ஸ்மென்ட். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருக்க டிக்கியில் சிலிண்டர் இருந்தால் கிட்டுக்கு மட்டுமல்ல, முழு வண்டிக் கிளைமுக்கே சிக்கல். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட். அந்தச் சான்றிதழ் காலாவதியானால் ஏற்றிய எண்டார்ஸ்மென்ட்டும் ஆட்டம் காணும்.

பிரீமியத்தைக் குறைக்கும் மாற்றங்களும் உண்டு, யாரும் அதிகம் பேசுவதில்லை. வாகனச் சோதனை அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புச் சாதனத்துக்கு சொந்தச் சேதத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். இது பேருக்குத்தான். மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காக, கையாலேயே இயக்கும் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வைத்து மாற்றி, அதை ஆர்.சி.யில் ஏற்றிய வண்டிக்கு ஐ.எம்.டி. 12-இன்படி சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஏஜென்ட்டுகளில் சிலருக்கே இது தெரியாது, எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

சொல்லாமல் விட்ட மாற்றம் இருந்து விபத்தானால் எல்லாமே போய்விடுமா? மூன்றாம் நபருக்கான இழப்பீடு அலாய் வீலுக்காக நிற்காது. நிறுவனம் தப்பிக்கச் சட்டம் கொடுத்த வாசல்கள் எண்ணிச் சில. சொந்தச் சேதத்தில் மாற்றத்துக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் சண்டையின் மையம். பின்னாலிருந்து லாரி இடித்த காரில் முன் ஹெட்லைட் வயரிங்கைக் காட்டி மறுத்தால் அது எடுபடக்கூடாது. வாடகைக்கு ஓட்டிய வண்டிகள் தொடர்பாக 2008-இல் நிதின் கண்டேல்வால் வழக்கிலும், 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கிலும் உச்ச நீதிமன்றம், நிபந்தனை மீறல் என்பதற்காக மொத்தமாகக் கைவிரிக்காமல் 75 சதவீதம் வரை கொடுக்கும் வழியை ஏற்றது. மாற்றம் செய்த வண்டிகளின் வழக்கிலும் வக்கீல்கள் இந்த இரண்டையும்தான் எடுத்துப் போடுவார்கள். நிறுவனம் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு வாங்குங்கள். முதலில் அவர்களுக்கே புகார், ஒரு மாதம் பொறுத்தபின் இன்சூரன்ஸ் குறைகளைத் தீர்க்கும் ஓம்புட்ஸ்மேன், நம் பகுதிக்குச் சென்னை. கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை கேட்கலாம், மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

ஏற்றுவது கடினமான வேலை அல்ல. ஜி.எஸ்.டி. பில்லில் வண்டி எண்ணையும் எழுதி வாங்குங்கள். சாமானை மாட்டிய மறுநாளே பில், படம், பாலிசி எண் மூன்றையும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். பாலிசியின் நடுவிலும் ஏற்றலாம், மிச்ச நாளுக்கு மட்டும் பிரீமியம். சில நிறுவனங்கள் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. திருத்திய பாலிசி வந்ததும் அந்தக் கட்டத்தில் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சின்னச் சேதத்துக்கெல்லாம் கிளைம் போட வேண்டாம். கிளைமே போடாததற்கு 50 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், வைத்திருப்பவர் 6,000 ரூபாய் ரிம்முக்குக் கிளைம் போட்டால், 1,000 ரூபாய் கட்டாயக் கழிவும் தேய்மானமும் போக மிச்சம்தான் கையில் வரும். அடுத்த வருஷப் பிரீமியத்தில் அதைவிட அதிகம் போகலாம்.

இன்னொரு இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஆன்லைன் புதுப்பித்தல். வேறு நிறுவனத்துக்கு மாறும்போது வண்டி எண்ணைப் போட்டதும் எல்லா விவரமும் தானாக வந்து விழும், ஆக்சஸரி மட்டும் வராது. கீழ் வேரியன்ட் வாங்கி மேல் வேரியன்ட் சாமான் போட்டவர்கள், மதிப்பு கூடட்டும் என்று பட்டியலில் மேல் வேரியன்ட்டைத் தட்டிவிடுவதும் இங்கேதான். கிளைமில் சேஸி எண்ணைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். ‘கூடுதல் ஆக்சஸரி உண்டா?’ என்ற கேள்வி ஏதோ ஒரு மடிப்புக்குள் இருக்கும், அதில் ‘இல்லை’ என்பதை அவர்களே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். அதைத் திறந்து பார்க்காமல் பணத்தைக் கட்டினால், போன வருஷம் 2,632 ரூபாய் கொடுத்து நிரப்பிய கட்டங்களில் மறுபடி சைபர்.